தன் கணக்கைத் தானே எழுதும் பாட்டு

ஸ்காட்லாந்தின் தேசியக் கவி ராபர்ட் பர்ன்ஸ் என்பதை அன்பர்கள் அறிவீர்கள். அவர் கலால் துறையில் சம்பளம் வாங்கிய அரசு ஊழியர் என்பது பலருக்குத் தெரிந்திராது. 1792 கடைசியில் அவருடைய ராஜ விசுவாசம் குறித்து மேலிடத்து விசாரணையே நடந்தது. மறு வருஷம் அவர் ஒரு பாட்டு எழுதினார். 1314-இல் பானக்பர்ன் போருக்கு முன் ராபர்ட் புரூஸ் மன்னர் தம் வீரர்களிடம் பேசுவதாக அமைந்த பாட்டு. பழைய கதைதானே என்று தோன்றும். ஆனால் அதே 1793-இல்தான் வாக்குரிமைச் சீர்திருத்தம் கேட்ட தாமஸ் மியூருக்குப் பதினான்கு ஆண்டு நாடு கடத்தல் தண்டனை கிடைத்தது. லண்டன் பத்திரிகைக்குப் பாட்டைக் கொடுத்தபோது, தமக்குத் தெரியாமல் தற்செயலாகக் கிடைத்ததுபோல் போட்டுக்கொள்ளச் சொன்னார் பர்ன்ஸ். நடத்தை விதிகளுக்குள்ளேயே உத்தியோக காலத்தைக் கழித்த எனக்கு அந்த ஜாக்கிரதை நன்றாகவே புரிகிறது!

அதே பானக்பர்னைப் பற்றி 1960-களில் ராய் வில்லியம்சன் எழுதிய 'ஃபிளவர் ஆஃப் ஸ்காட்லாந்து' இன்று விளையாட்டு மைதானங்களில் தேசிய கீதமாகவே பாடப்படுகிறது. 1990-இல் எடின்பரோவில் இங்கிலாந்தை ரக்பியில் 13-7 என்று தோற்கடித்த நாளில் அது கூட்டத்தைக் கட்டிப்போட்டது. நல்ல மெட்டுதான். ஆனால் என்னைக் கேட்டால், எதிராளி ஒருவன் இருந்தால்தான் நிற்கும் பாட்டு அரைப் பாட்டு. அறுநூறு எழுநூறு வருஷத்துக்கு முந்தைய வெற்றியைப் பாடுவதில் பாடுகிறவனுக்கு என்ன செலவு?

'தி புரொக்ளெய்மர்ஸ்' என்ற இரட்டைச் சகோதரர்கள் 1987-இல் பாடிய 'லெட்டர் ஃப்ரம் அமெரிக்கா' வேறு ரகம். ஆட்டுப் பண்ணைக்காக நிலத்தை விட்டு விரட்டப்பட்டு, கப்பலேறிப் போன மலைநாட்டுக் குடியானவர்களில் தொடங்கி, தங்கள் காலத்தில் மூடப்பட்ட தொழிற்சாலைகளின் ஊர்ப் பெயர்களில் வந்து முடிகிறது. லின்வுட் கார் தொழிற்சாலை 1981-இல் மூடப்பட்டது. பாத்கேட் லாரி தொழிற்சாலை 1986-இல். வெறும் ஊர்ப் பெயர்ப் பட்டியல், ஆனால் தொழிற்கூடத்தில் வேலை பார்த்தவனுக்கு அது போதும். நான் பணியில் சேர்ந்த காலத்தில் ஓடிய நீராவி எஞ்சின்கள் சிலவற்றில் கிளாஸ்கோ நார்த் பிரிட்டிஷ் கம்பெனியின் வைர வடிவத் தகடு இருக்கும். தகட்டை வார்த்த கம்பெனி 1962-லேயே மூடப்பட்டுவிட்டது.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக நான் வைப்பது ஹேமிஷ் ஹெண்டர்சன் 1960-இல் எழுதிய 'ஃப்ரீடம் கம்-ஆல்-யீ'. சுதந்திரத்தைப் பாடும் இந்தப் பாட்டில் ஸ்காட்லாந்து வெறும் பாதிக்கப்பட்ட நாடாக மட்டும் வரவில்லை. ஆங்கிலப் பேரரசுக்காகப் பிற நாடுகளை அடக்கப் போன ஸ்காட்டியச் சிப்பாயும் வருகிறான். அந்தப் பாவத்தை அவர் ஆங்கிலேயன் தலையில் கட்டிவிட்டு நகரவில்லை. தென்னாப்பிரிக்கக் கறுப்பு மக்களின் குடியிருப்பு ஒன்றின் பெயரும் பாட்டில் இருக்கிறது.

லக்னோவில் குடியிருக்கும் எனக்கு இது ஏட்டு விஷயமல்ல. இங்குள்ள சிக்கந்தர் பாகில் 1857 நவம்பரில் புகுந்து நம் சிப்பாய்களைக் கொன்று குவித்தவர்களில் 93-ஆவது ஹைலண்டர்ஸ் படையினரும் உண்டு. அந்தப் படை முதன்முதலில் திரட்டப்பட்டதே ஸ்காட்லாந்தின் சதர்லாந்துச் சீமையில். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடியானவர்களை மிகக் கொடுமையாக வெளியேற்றியதும் அதே சீமையில்தான். விரட்டப்பட்ட மண்ணின் படையே விரட்டவும் வந்தது. மைதானப் பாட்டில் இதற்கு இடமில்லை. ஹெண்டர்சன் இடம் கொடுத்தார்.

1999 ஜூலை 1 அன்று புதிய ஸ்காட்லாந்து நாடாளுமன்றத் திறப்பு விழாவில் ஷீனா வெலிங்டன் பாடியது பர்ன்ஸின் 1795-ஆம் ஆண்டுப் பாட்டு. பட்டம் பதவிகளைக் கேலி செய்யும் அதை எலிசபெத் ராணியின் முன்னிலையிலேயே பாடினார். கடைசிப் பகுதியில் உறுப்பினர்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்தப் பாட்டில் ஸ்காட்லாந்து என்ற பெயரே கிடையாது.


ஹெண்டர்சனின் பாட்டோ ஆழ்ந்த ஸ்காட்ஸ் மொழியில் இருக்கிறது. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கு எளிதில் பிடிபடாது. அகராதியை வைத்துக்கொண்டு நான் நான்கு மாலைகள் உட்கார வேண்டியிருந்தது.