பழைய தடத்தில் நடக்கட்டும், புதுத் தடம் வேண்டாம்

கொல்லிமலை நடைச் சுற்றுலா குறித்து, பேளுக்குறிச்சி அடிவாரத்திலிருந்து ஒரு நிலைப்பாட்டு அறிக்கை

கொல்லிமலையில் வழிகாட்டியோடு நடக்கும் விடுமுறைப் பயணங்கள் வரட்டும் என்பதே எங்கள் நிலைப்பாடு. ஊருக்கும் ஊருக்கும் இடையே, மலைக்கும் சந்தைக்கும் இடையே ஏற்கெனவே இருக்கிற தடங்களில் அவை நடக்கட்டும். சோலைக்குள் புதிதாக ஒரு தடமும் வெட்டக் கூடாது. கூட்டிப்போகிறவர் அந்தந்த ‘நாட்டை’, அதாவது மலையின் உட்பிரிவான ஊர்த் தொகுதியை, சேர்ந்தவராக இருக்க வேண்டும். எந்தத் தடத்தைத் திறப்பது, எப்போது மூடுவது என்பதை அந்த ஊர்க் கிராம சபையைக் கேட்காமல் யாரும் முடிவு செய்யக் கூடாது. மாசி, பங்குனி இரண்டு மாதமும் சரிவுக் காட்டில் யாரையும் நடக்க விடக் கூடாது.

பேளுக்குறிச்சி, காரவள்ளி சுற்றுவட்டார ஊர்களிலும் மேலே சில நாடுகளிலும் இருக்கும் சிறு விவசாயிகள், சந்தை வியாபாரிகள், வழி காட்டப் போகும் இளைஞர்கள் சேர்ந்த சின்ன அமைப்பு எங்களுடையது. எங்களில் சிலருக்கு இந்தத் தொழிலில் வருமானம் உண்டு. படிப்பவர்கள் அதையும் கணக்கில் வைத்துக்கொண்டே படிக்கட்டும்.

இப்போது மலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே சுற்றுதான் சுற்றுகிறார்கள். காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவு ஏறி, சோளக்காட்டில் பலாவும் அன்னாசியும் வாங்கி, சீக்குப்பாறையில் நின்று படம் எடுத்து, மாசிலா அருவியில் குளித்து, அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டு, ஆகாய கங்கையை எட்டிப் பார்த்துவிட்டுப் பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடுகிறார்கள். ஆடி 17, 18-இல் வல்வில் ஓரி விழா நடக்கும்போது செம்மேட்டில் கால் வைக்க இடம் இருக்காது. இத்தனை கூட்டத்திலும் வாழவந்தி நாட்டிலோ குண்டூர் நாட்டிலோ ஒதுங்கிக் கிடக்கும் ஒரு பட்டிக்கு ஒரு டீ விற்ற காசுகூடப் போய்ச் சேர்வதில்லை. கார் போகும் இடத்தில்தானே காசு இறங்கும்?

ஆகாய கங்கையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கோயில் பக்கமிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் பள்ளத்துக்குள் இறங்குகின்றன. ஐயாறு ஏறக்குறைய 300 அடி உயரத்திலிருந்து விழும் இடம் அது. மற்ற மலைகளில் தெம்பு இருக்கும்போது ஏறிவிட்டு, களைத்தபின் இறங்குவோம். இங்கே தலைகீழ். சிரித்துப் பேசிக்கொண்டே இறங்கி, அருவியில் ஒரு மணி நேரம் நின்று, பசி வந்த பிறகுதான் ஏற்றம் தொடங்குகிறது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பத்துப் படிக்கொரு முறை உட்காரும் பெரியவர்களை எந்த ஞாயிற்றுக்கிழமையிலும் அங்கே பார்க்கலாம். இறங்கும் முன் “முட்டி வலி இருக்கா? இதயத்துக்கு மாத்திரை எதுவும் சாப்பிடறீங்களா?” என்று கேட்க அங்கே ஆள் இல்லை. வழிகாட்டி என்பவரின் வேலை அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. அருவிக்கு இனியும் கூட்டம் சேர்க்கும் எந்தத் திட்டத்தையும் நாங்கள் ஆதரிக்க மாட்டோம். கூட்டத்தைப் பிரித்து வேறு பக்கம் நடக்கவிடுவதற்கு ஆதரவு தருவோம்.

அந்த வேறு பக்கம் எது? மலைச்சாலை வருவதற்கு முன் மேலிருந்து எல்லாமே தலைச்சுமையாகத்தான் இறங்கியது. மிளகும் பலாவும் வாழைத்தாரும் கடுக்காயும் தேனும் இறங்கின. உப்பும் துணியும் இரும்பும் ஏறின. நாமக்கல் பக்கம் இறங்கியவர்கள் பேளுக்குறிச்சிக்கும் சேந்தமங்கலத்துக்கும் வந்தார்கள். வடக்கே இறங்கியவர்கள் முள்ளுக்குறிச்சி போனார்கள். கிழக்கே புளியஞ்சோலை வழியாகத் துறையூர்ச் சீமைக்கு இறங்கினார்கள். பேளுக்குறிச்சியின் சனிக்கிழமைச் சந்தை இன்றும் மளிகைக்குப் பேர் போனது. தை பிறந்துவிட்டால் வருஷத்துக்கு வேண்டிய மிளகு, கடுகு, சீரகம், மல்லியை மொத்தமாக வாங்கிப்போக வெளி மாவட்டத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். அவர்களில் பலருக்கு இந்த மிளகில் ஒரு பகுதி எந்த வழியாக இறங்கி வந்தது என்பது தெரியாது. சுமைக்காரர் கால் பட்டுப் பட்டுத் தேய்ந்த அந்தத் தடங்களில் சில முள் மூடிக் கிடக்கின்றன. சில இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன.

மேலேயும் அப்படித்தான். ஒரு நாட்டிலிருந்து அடுத்த நாட்டுக்குக் கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் போகிற ஒற்றையடிப் பாதைகள் மரவள்ளிக் கொல்லை, சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக் கொடி, காபிச் செடி, நெல் வயல், கோயில் காடு என மாறி மாறிப் போகின்றன. ஆயிரம் மீட்டர் உயரத்தில் நெல் வயல் வரப்பில் நடப்பது எவ்வளவு அருமையான விஷயம் என்பது எங்களுக்கே வெளியூர்க்காரர் சொல்லித்தான் தெரிந்தது. நடக்க வருபவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? காட்டுக்குள் ஆள் போகாத இடத்தில் கூடாரம் அடிப்பதற்குத்தான் மதிப்பு என்ற நினைப்பு விளம்பரத்தால் வந்தது. ஆள் போகாத இடத்தில் கரடி போகிறது. அதற்கும் ஓர் இடம் இருக்கட்டும்.

பாதுகாப்பு என்று வரும்போது தமிழ்நாட்டில் யாரும் குரங்கணியைத் தாண்டிப் பேச முடியாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் போடி மலையில், சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்தும் வந்த இரண்டு குழுக்கள் கொழுக்குமலை சென்று திரும்பி இறங்கிக்கொண்டிருந்தபோது காட்டுத்தீயில் சிக்கின. 23 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இளைஞர்கள், அதிலும் பெண்கள் பலர். அதே ஆண்டு அரசு மலையேற்றத்துக்கென விதிகள் கொண்டுவந்தது. தடங்கள் எளிது, மிதம், கடினம் எனப் பிரிக்கப்பட்டன. அனுமதியும் வழிகாட்டியும் கட்டாயமாயின.

விதிகள் நல்லவைதான். ஆனால் குரங்கணியில் நடந்ததை எங்கள் சரிவுகளோடு வைத்துப் பார்த்தால் இன்னும் சில விஷயம் தெரிகிறது. கொல்லிமலையின் மேல்தளம் ஈரம், சோலைகளும் அங்கேதான். அடிவாரத்திலிருந்து மேல்தளம் வரையிலான சரிவு இலையுதிர்க் காடும் புல்லும். தை கடைசியில் புல் காய்ந்து நிற்கும். ஒரு பீடித்துண்டு போதும். தீ சமதளத்தில் நடக்கும், ஏற்றத்தில் ஓடும். காற்றும் சேர்ந்தால் எந்த மனிதக் காலும் அதை முந்த முடியாது. மேல்நோக்கி ஓடுவதும் புதர்ப் பள்ளத்தில் இறங்குவதும் இரண்டுமே ஆபத்து. மண் தரையோ பாறைத் திட்டோ ஏற்கெனவே எரிந்து கருகிய இடமோ பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர் கூட இருந்தால்தான் பிழைக்க வழி. அது வரைபடத்தில் இருக்காது. போன வாரம் எந்தப் பக்கம் எரிந்தது என்பது அந்தப் பக்கம் மாடு மேய்ப்பவருக்குத்தான் தெரியும்.

அதனால்தான் சரிவுத் தடங்களை மாசி, பங்குனியில் மூட வேண்டும் என்கிறோம். வனத்துறையும் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை மலையேற்றத்தை நிறுத்திவைக்கிறது. கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான். நாங்கள் இன்னொன்றும் சேர்க்கிறோம்: சித்திரை பிறந்தாலும், கோடை மழை பெய்து புல் பச்சை கட்டும்வரை தடத்தைத் திறக்கக் கூடாது. தேதியைப் பார்த்துத் தீ வருவதில்லை. ஐப்பசி அடைமழையில் பாறை வழுக்கும் தடங்களுக்கும் இதே ஏற்பாடு வேண்டும்.

2024-இல் அரசு தொடங்கிய ‘தமிழ்நாடு மலையேற்றத் திட்டம்’ 14 மாவட்டங்களில் 40 தடங்களைத் திறந்தது. இணையத்தில் பதிவு, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் என்று ஒழுங்காகத் தொடங்கிய முயற்சி. காட்டோரத்து இளைஞர்களுக்கும் பழங்குடி இளைஞர்களுக்கும் அதில் வேலை கிடைத்திருக்கிறது. அதை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் அந்த ஏற்பாட்டை அப்படியே தூக்கிக் கொல்லிமலையில் வைத்தால் பொருந்தாது. இங்கே தடம் ஒரு பர்லாங்கு காப்புக்காட்டில் போகும், அடுத்த பர்லாங்கு ஒருவர் பட்டா நிலத்து வரப்பில் போகும், பிறகு ஊர்ப் பொதுவில் போகும். காப்புக்காட்டுக்கு வனத்துறை அனுமதி தரலாம். வரப்புக்கு யார் தருவது? 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டைப் பற்றிய முடிவில் கிராம சபையை நடுவில் வைத்திருக்கிறது. அதைக் காகிதத்தோடு விட்டுவிடாமல் தடங்களிலிருந்து தொடங்கலாம்.

வழிகாட்டி கட்டாயம் என்று சட்டம் போட்டால் மட்டும் போதாது என்பதற்கு நேபாளத்தைப் பாருங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் வெளிநாட்டினர் வழிகாட்டி இல்லாமல் நடக்கக் கூடாது என்று அந்நாடு விதித்தது. எவரெஸ்ட் பகுதியின் உள்ளூராட்சி, எங்கள் பக்கம் அது வேண்டாம் என்று தன் வழியில் போனது. அந்த முடிவு சரியா தவறா என்று நாங்கள் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் முடிவு எடுக்கும் இடம் மலையிலேயே இருந்தது. யாரை வழிகாட்டியாக வைப்பது என்பதற்குப் பக்கத்திலேயே, கேரளத்தில், தேக்கடி இருக்கிறது. வயணப்பட்டை என்னும் காட்டு இலவங்கப்பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றவர்களை 1990-களின் கடைசியில் வழிகாட்டிகளாக மாற்றினார்கள். காட்டின் சந்துபொந்தெல்லாம் தெரிந்த அவர்களே அதன் காவலும் ஆனார்கள். கொல்லிமலையில் மூலிகைக்கும் தேனுக்கும் காடு சுற்றிய பெரியவர்கள் இருக்கிறார்கள். ஆங்கிலம் தெரியாது என்று சொல்லி அவர்களை ஒதுக்கிவிட்டு, நகரத்திலிருந்து வரும் ஒரு பையனுக்குக் கைடு என்று பனியன் மாட்டுவதை ஏற்க மாட்டோம். பேச ஒருவர், வழிக்கு ஒருவர் என்று இரண்டு பேர் போகட்டும். கூலியும் இரண்டாகட்டும்.

குழுவில் பத்துப் பேருக்கு மேல் கூடாது. சித்தர் குகை காட்டுகிறேன் என்று இரவில் டார்ச் வெளிச்சத்தில் ஆள் கூட்டிப்போகிற பழக்கம் நிற்க வேண்டும். கோரக்கர் சித்தர் பெயரைச் சொல்லிக் காசு பார்ப்பவர்களை ஊர்க்காரர்களுக்குத் தெரியும், நாங்களும் கண்டும் காணாமல் இருக்கப்போவதில்லை. கோயில் காட்டுக்குள் செருப்போடு போகக் கூடாது, கிளை ஒடிக்கக் கூடாது. மது, பாட்டு, தீ மூட்டல், டிரோன் எதுவும் இல்லை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் மாநிலத் தடையே இருக்கிறது, புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

சாப்பாட்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம், ஏனென்றால் மலைக்கு நிலைக்கும் பணம் அதில்தான் இருக்கிறது. ஒரு காலத்தில் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு என்று நின்ற கொல்லைகளில் இன்று மரவள்ளி நிற்கிறது. சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைகளுக்கு லாரி ஏறிப்போகும் பயிர் அது. யாரையும் குறை சொல்ல முடியாது. சாமையை இடித்துப் புடைக்கிற பாடு பட்டவர்களுக்குத்தான் தெரியும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இங்கே சிறுதானிய விதைகளைக் காக்கவும், இடிக்கிற பாட்டைக் குறைக்கும் இயந்திரங்களைக் கொண்டுவரவும் உழைத்திருக்கிறது. நடக்க வருபவருக்கு மதியம் பட்டியில் ஒரு வீட்டில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் என்று ஆக்கினால், அந்த வீட்டில் அடுத்த வருஷமும் ஒரு துண்டு நிலத்தில் சாமை விதைக்கக் காரணம் கிடைக்கும். அடிவாரத்திலிருந்து பரோட்டா பொட்டலம் கட்டிக்கொண்டு போகும் பயணத்துக்கு எங்கள் உறுப்பினர் வழிகாட்ட மாட்டார்.

மேலே உள்ள பெரியவர்கள் சிலர் எங்களிடமே மறுப்புச் சொன்னார்கள். “நடக்க வருவான், இடம் நல்லா இருக்குன்னு சொல்லுவான், அடுத்த வருஷம் வாங்க வருவான்.” இந்தப் பயம் நியாயமானது. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் இல்லை. பழங்குடி நிலம் வெளியார் கைக்குப் போவதைத் தடுக்கத் தனிச் சட்டமும் இல்லை. மலையில் பாக்சைட் வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்கு அனுப்பிய காலத்தில் கூலி சிலருக்குக் கிடைத்தது, குழி எல்லோருக்கும் மிஞ்சியது. அதனால் எங்கள் நிலைப்பாட்டில் இதையும் சேர்த்திருக்கிறோம்: தங்கும் ஏற்பாடு இந்த மலையின் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களின் வீட்டிலோ ஊர்ப் பொதுக் கட்டடத்திலோ மட்டுமே. நடைப்பயணத்தைக் காட்டி ரிசார்ட் கட்ட நிலம் கேட்கும் எந்த நிறுவனத்தோடும் நாங்கள் வேலை செய்ய மாட்டோம். நில விற்பனைக்குத் தரகு பேசும் உறுப்பினர் அன்றோடு அமைப்பில் இல்லை.

மாவட்ட நிர்வாகத்திடமும் வனத்துறையிடமும் கேட்பது மூன்றுதான். பழைய தடங்களை ஊர்க்கவுண்டர்களையும் சுமை தூக்கிய பெரியவர்களையும் கூட வைத்துக்கொண்டு நடந்து பார்த்துப் பதிவு செய்யுங்கள். வழிகாட்டிகளுக்கு முதலுதவியும் பாம்புக்கடி, தீ இரண்டுக்குமான பயிற்சியும் காப்பீடும் கொடுங்கள். செல்போன் சிக்னல் கிடைக்காத தடங்களில் வயர்லெஸ் வையுங்கள். கால் முறிந்த ஒருவரைத் தொட்டில் கட்டிச் செம்மேடு மருத்துவமனைக்குத் தூக்கி வரும் நேரத்தில் பாதி, ஆள் அனுப்பித் தகவல் சொல்வதிலேயே போகிறது.

ஜனவரி 26-இல் தொடங்கி ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்தில், பேளுக்குறிச்சிப் பக்கம் இறங்கும் சந்தைத் தடம் ஒன்றையும் மேலே இரண்டு நாடுகளை இணைக்கும் பாதை ஒன்றையும் சோதனைக்குத் திறக்கக் கேட்டு மனு கொடுக்கிறோம். சபை வேண்டாம் என்றால் அந்தத் தடம் இல்லை. தீர்மானம் கைக்கு வரும்வரை சரிவுத் தடங்களுக்கு எங்கள் உறுப்பினர் யாரும் பதிவு எடுக்க மாட்டார்கள். ஏற்கெனவே வாங்கிய முன்பணத்தை அவரவர் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம்.