"ஓப்பா" என்றால் அப்பா அல்ல!

"ஓப்பா!" என்று மகள் கைப்பேசியைப் பார்த்துக் கூவுகிறாள். "என்னம்மா?" என்று அப்பா எழுந்து வருகிறார். மகள் கூப்பிட்டது அவரை அல்ல. கொரிய நாட்டுப் பாடகன் ஒருவனை!

தமிழ்நாட்டில் பல வீடுகளில் இன்று இந்தக் கூத்துதான்.

2012-ம் ஆண்டில் "கங்னம் ஸ்டைல்" என்ற கொரியப் பாட்டு வந்தது. யூடியூபில் முதன்முதலாக 100 கோடி தடவை பார்க்கப்பட்டது அதுதான். பிறகு பி.டி.எஸ். பாட்டுக் குழு வந்தது. தொடர் நாடகங்கள் வந்தன. பாட்டோடு பேச்சும் வந்து விட்டது!

நன்றிக்கு "கம்சாஹம்னிதா". அதிசயத்துக்கு "தேபாக்". கட்டை விரலையும் சுட்டு விரலையும் குறுக்கே வைத்துக் காட்டினால், அன்பு என்று பொருள். 2021-ம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியே கொரியத் தொடர்புள்ள 26 சொற்களைச் சேர்த்துக் கொண்டது. "ஓப்பா"வும் அதில் ஒன்று.

காதலன் அண்ணனா?

"ஓப்பா" என்பது, பெண் தன் அண்ணனைக் கூப்பிடும் சொல். வயதில் மூத்த காதலனையும் கொரியப் பெண் அப்படித்தான் கூப்பிடுவாள்! தமிழ்ப் பாட்டி கேட்டால் காதைப் பொத்திக் கொள்வாள். "அத்தான் என்பதைப் போல" என்று சொன்னால் பாட்டிக்குப் புரிந்து விடும். அங்கேயும் தகப்பனுக்கு "அப்பா"தான். தாய்க்கு "ஒம்மா".

பாதிப் பாடம்

கொரிய மொழியில் வயது பார்க்காமல் வாய் திறக்க முடியாது. தோழனிடம் "அன்யோங்" என்று சொல்லலாம். பெரியவரிடம் அப்படிச் சொன்னால் மரியாதைக் குறைவு. "அன்யோங்ஹாசேயோ" என்று சொல்லித் தலை வணங்க வேண்டும். "வா", "வாருங்கள்" என்ற வேறுபாடுதான்.

நாடகத்தில் தோழர்கள் பேசுவதைக் கேட்டுப் படிக்கும் பிள்ளைகள், "வா"வை மட்டும் பிடித்துக் கொள்கிறார்கள். இது பாதிப் பாடம். அதற்காகத் திட்டுவதா?

"வீட்டுப் பேச்சு கெட்டுப் போகிறது" என்று பெற்றோர் குறைப்படுகிறார்கள். "ரயில்", "காபி" வந்தபோது தமிழ் கெட்டா போயிற்று? மகள் ஒரு சொல்லைச் சொல்கிறாள். அப்பா கேலி செய்கிறார். மறுநாள் முதல் அவள் வாயை மூடிக் கொள்கிறாள். முகம் தெரியாத தோழிகளிடம் கைப்பேசியில் கொட்டும் பேச்சு, வீட்டில் வற்றி விடுகிறது. கெடுவது அங்கேதான்!

கேலிக்குப் பதிலாக, "இதற்கு என்னம்மா அர்த்தம்?" என்று கேட்கலாம். பெரியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க எந்தப் பிள்ளைக்கும் கசக்காது. ஒரு நாள் சேர்ந்து உட்கார்ந்து நாடகத்தைப் பார்க்கலாம். சாப்பாட்டுக் காட்சி வரும். வீட்டில் மூத்தவர் கரண்டியைக் கையில் எடுக்கும் வரை, சின்னவர்கள் காத்திருப்பார்கள். அது கொரிய நாட்டு வழக்கம். "இதையும் படித்துக் கொண்டாயா?" என்று அப்போது அப்பா மெல்லக் கேட்கலாம்.