திறவுகோல் டில்லியிலே, தீமை தென்னையிலே!

இராஜாக்கமங்கலத்துத் தோப்பிலே நின்று அண்ணாந்து பாருங்கள். பச்சையாய்ச் சிரிக்கவேண்டிய தென்னோலை கரி பூசிக் கிடக்கிறது! தீ வைத்தவர் எவருமில்லை. தீயினும் தந்திரமான ஓர் ஈயின் வேலை அது!

சுருள் வெள்ளை ஈ என்பது அதன் பெயர். நடு அமெரிக்கா அதன் நாடு. 2009-ல் புளோரிடாவிலே தென்பட்டது, 2016-ல் பொள்ளாச்சியிலே! ஓலையின் அடியில் கூட்டமாய் அமர்ந்து சாற்றை உறிஞ்சுகிறது. தேன்போன்ற கழிவைச் சிந்துகிறது. அதன்மேல் கரும்பூசணம் படர்கிறது. வெயிலை வாங்கி உணவாக்கும் ஓலைக்கு வெயிலே கிட்டுவதில்லை. மரம் சாவதில்லை, சோர்கிறது. அதை நம்பிய குடும்பமும் சோர்கிறது.

தோப்போடு நிற்குமா இந்தத் தொல்லை? கல்யாணமுருங்கை நம் மண்ணின் மரம். மிளகுக்கொடிக்குத் தோள் கொடுக்கும் மரம். ஆப்பிரிக்கக் குளவி ஒன்று அதன் இளந்தளிரை முடிச்சு முடிச்சாய் வீங்கவைத்தது. 2005-ல் ஹவாய்த் தீவிலே புகுந்து, அதே இனத்துக் காட்டுமரமான விலிவிலியைச் சூறையாடியது. அடுத்த ஆண்டிலேயே கேரளத்திலும் பதிவாயிற்று. ஹவாய் மக்கள் கைகட்டி நிற்கவில்லை. அந்தக் குளவியைத் தின்னும் வேறொரு குளவியைத் தான்சானியாவில் தேடிப்பிடித்து, 2008-ல் பறக்கவிட்டு, மரங்களை மீட்டனர்.

நம்மிடமும் வழியுண்டு. வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அதை அழிக்கும் என்கார்சியா என்ற சிறு குளவி இருக்கிறது. ஆத்திரத்தில் நஞ்சு தெளித்தால் முதலில் மாள்வது இந்தத் தோழன்தான்! உழவர்கள் இதை மறக்கலாகாது.

ஆனால், நாம் கேட்கும் கேள்வி வேறு. வாசல் யாருடையது?

அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையைப் புரட்டுங்கள். பயிரைப் பூச்சியிலிருந்து காக்கும் கடமை மாநிலப் பட்டியலிலே, 14-வது இனம். துறைமுகத் தடுப்புக்காவல் மத்தியப் பட்டியலிலே, 28. வெளிநாட்டு வாணிபம், இறக்குமதி 41. அதுவும் மத்தியப் பட்டியலே! கதவைத் திறப்பவர் ஒருவர். கள்ளனைத் துரத்துபவர் மற்றொருவர். என்ன பங்கீடு இது!

"நாட்டுக்கு வாசற்காவல் ஒன்றுதானே இருக்கவேண்டும்?" என்பர். இருக்கட்டும். காவல் செம்மையாக நடந்ததா? 1914-ல் வெள்ளையர் செய்த சட்டத்தை மாற்ற 2013-ல் கொண்டுவந்த வேளாண் உயிர்க்காப்பு மசோதா, 2014-ல் மக்களவையோடு காலாவதியாயிற்று. ஈ காலாவதியாகவில்லையே! இரண்டே ஆண்டில் வந்து சேர்ந்தது!

ஆகவே சொல்கிறோம்: தூத்துக்குடித் துறைமுகத்திலும் சென்னை விமான நிலையத்திலும் செடி, நாற்று, மரக்கட்டை பரிசோதனையில் மாநிலத்துக்குப் பங்கு வேண்டும். எல்லை கடந்து வந்த பூச்சியால் விளைந்த இழப்புக்கு மத்திய அரசு ஈடு தரவேண்டும். நன்மைசெய் பூச்சிகளை ஒன்றியந்தோறும் வளர்க்க நிதி வேண்டும்.

இது பிச்சையல்ல, உரிமை! திறவுகோலை இடுப்பில் செருகியிருப்பவர், களவுபோன வீட்டுக்குக் கணக்குச் சொல்லட்டும்!