பெட்டியோடு கொடுங்கள்: தெலுக் இந்தானிலிருந்து ஒரு கோரிக்கைச் சாசனம்

தீபாவளி நெருங்கினால் இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் இல்லங்களின் வாசலில் கார்கள் வந்து நிற்கும். கிறிஸ்துமஸ் வரை வரத்து ஓயாது. அரிசி மூட்டை, முறுக்கு டின், கூடவே ஒரு பெரிய பை நிறைய விளையாட்டுச் சாமான். கொடுப்பவர் மனத்தில் குறை காணவில்லை. அந்தப் பையைப் பற்றித்தான் பேச வந்தோம்.

14 வயதுக்கு உட்பட்டவர்களின் விளையாட்டுச் சாமான்களுக்கு மலேசியாவில் 2009-லேயே பாதுகாப்புத் தரவிதி வந்துவிட்டது. தரம் உறுதியானதற்கு அடையாளம் எம்.சி. முத்திரை. அதுவும் வயதுக் குறிப்பும் பெரும்பாலும் பெட்டியில்தான் இருக்கும். பெட்டியைக் கழற்றி எறிந்து எல்லாவற்றையும் ஒரே பையில் கொட்டிக் கொடுத்தால், எது எந்த வயதுக்கு என்று இல்லப் பொறுப்பாளருக்கு எப்படித் தெரியும்? வேண்டாமென்று சொல்லவும் வாய் வராது. அடுத்த மாதம் அரிசி கொண்டுவருபவரும் அதே கொடையாளர்தானே.

கொடுப்பவர்களிடம்: பெட்டி பிரிக்காமல், ரசீதோடு கொடுங்கள். வாங்குமுன் இல்லத்துக்குப் போன் போட்டுப் பிள்ளைகளின் வயதைக் கேளுங்கள். பாட்டுப் பாடும் பொம்மை, மின்னும் வளையல் என்றால் பேட்டரி மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் சதையை அரித்துவிடும். தீர்ந்துபோன பேட்டரியும் அப்படித்தான். சிறு காந்தங்கள் இரண்டை விழுங்கினால் குடலின் இரு மடிப்புகளுக்கிடையே ஒன்றையொன்று இழுத்துச் சுவரைத் துளைக்கும். மூன்று வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு எளிய சோதனை ஒன்று உண்டு: டாய்லெட் பேப்பர் உருளைக்குள் நுழையும் எதுவும் அவர்கள் வாய்க்குள்ளும் நுழையும்.

சாயம் உரியும் பழைய சாமான் வேண்டவே வேண்டாம். மேட்டல் போன்ற பெரிய நிறுவனமே 2007-இல் ஈயம் கலந்த சாயத்துக்காகப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொம்மைகளைத் திரும்பப் பெற்றது. பெயரில்லாச் சரக்கை யார் திரும்பப் பெறுவார்?

கடைக்காரர்களிடமும் பசார் மாலாம் (இரவுச் சந்தை) வியாபாரிகளிடமும்: முத்திரை இல்லாத சரக்கை எடுக்காதீர்கள். 'இல்லத்துக்குத்தானே' என்று தேங்கிப்போன சரக்கை மலிவு விலையில் தள்ளிவிடும் வழக்கம் நிற்க வேண்டும்.

உள்நாட்டு வாணிப அமைச்சிடம்: 2023-இல் லத்தோ-லத்தோ என்ற கயிற்றுப் பந்து விளையாட்டுச் சாமான்மீது பித்துப் பிடித்தபோது முத்திரை இல்லாமல் விற்கக் கூடாதென்று எச்சரித்தீர்கள். அந்த வேகம் ஆண்டுதோறும் தீபாவளிக்கு முன்பும் தெலுக் இந்தான் கடைகளில் தெரியட்டும். எச்சரிக்கை தமிழிலும் வரட்டும். தோட்டத்துப் பாட்டிக்கும் அது புரிய வேண்டும்.

சமூக நல இலாகாவிடம்: இல்லங்கள் 1993-ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டத்தின்கீழ் உங்களிடம் பதிவு பெறுபவை. நன்கொடைச் சாமானை மறுக்கும் உரிமை இல்லங்களுக்கு உண்டென்று எழுத்தில் கொடுங்கள். உங்கள் கடிதத்தைக் காட்டி மறுத்தால் கொடுப்பவருக்கும் மனத்தாங்கல் இருக்காது.

மீண்டும் கொடுப்பவர்களிடம், ஒன்றே ஒன்று: இல்லத்தில் இருப்பவர்கள் எல்லாரும் குழந்தைகள் அல்லர். எஸ்.பி.எம். தேர்வு எழுதப்போகும் பதினேழு வயதுப் பெண்ணின் கையிலும் கரடிப் பொம்மையைத் திணித்துப் படம் எடுக்கிறோம். அவள் கேட்பது கால்குலேட்டர்.

இப்படிக்கு,
தெலுக் இந்தான் வட்டாரப் பெற்றோரும் இல்லப் பணியாளர்களும்