அறையைத் திருத்திய பின் ஒலியைத் திருத்துவோம்

வீட்டறையிலேயே ஒலிப்பதிவு செய்து, அங்கேயே கேட்டுத் தரவைக் குறியிடும் ஆய்வு மாணவர்கள் இன்று பலர். அறை எப்படியிருந்தாலும் மென்பொருள் சரிசெய்துவிடும் என்ற நம்பிக்கை அவர்களிடையே பரவியிருக்கிறது. அதில் பாதிதான் உண்மை. மறுபாதி நம் தரவைக் கெடுக்கக்கூடியது.

நம் நகரங்களின் வாடகை வீடுகளில் பத்துக்குப் பத்து அறை இயல்பானது. உயரமும் பத்தடியானால் அது கனசதுரம். சுவருக்குச் சுவர் 3.05 மீட்டர், ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். ஆகவே நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரே 56 ஹெர்ட்சில் ஒத்ததிர்கின்றன. ஒவ்வொரு திசையிலும் அடுத்த ஒத்ததிர்வு 112 ஹெர்ட்ஸ். ஆண்குரல்கள் பலவற்றின் அடிப்படை அதிர்வெண் அதன் அருகில்தான் அமைகிறது. செங்கற்சுவரும் கான்கிரீட் கூரையும் டைல்ஸ் தரையும் தாழ்ந்த ஒலியை மிகக் குறைவாகவே உறிஞ்சுகின்றன.

டிஜிட்டல் அறைத்திருத்தம், ஒலிபெருக்கியிலிருந்து வரும் சோதனையொலியை அளந்து, அறையின் கோணலுக்கு எதிரான வடிகட்டியைக் கணக்கிடுகிறது. மேடுகளை அது நன்றாகத் தணிக்கும். பள்ளங்களை நிரப்ப அதனால் இயலாது. நேரலையும் எதிரலையும் ஒன்றையொன்று அழிக்குமிடத்தில் ஒலியைக் கூட்டினால் இரண்டும் சேர்ந்தே கூடும். 10 டெசிபெல் கூட்டப் பத்து மடங்கு திறன் செலவாகியும் பள்ளம் அப்படியே இருக்கும். அளந்த இடத்தைவிட்டு நகர்ந்து அமர்ந்தால் திருத்தமே பிழையாகலாம்.

மொழியியலாளருக்கு இதனினும் முக்கியமானது ஒன்றுண்டு. இத்திருத்தம் ஒலிபெருக்கியின் பாதையில் மட்டுமே இயங்குகிறது. ஒலிவாங்கியில் நுழையும் குரலை அது தொடுவதில்லை. ஒலிவாங்கி இருக்குமிடத்தைப் பொறுத்து, அறை முதற்சீரிசையை உயர்த்தலாம், தாழ்த்தலாம். முதலிரு சீரிசைகளின் வேறுபாட்டைக் கொண்டு குரல்தன்மையை அளப்பவர், பேசியவரின் குரல்வளையோடு சுவரையும் சேர்த்தே அளந்திருப்பார்.

உறிஞ்சுபலகையே போதும் என்பாரோடும் நான் உடன்படவில்லை. 10 சென்டிமீட்டர் கண்ணாடிக் கம்பளிப் பலகை எதிர்முழக்கத்தை நன்கு அடக்கும். ஆனால் 56 ஹெர்ட்சின் கால் அலைநீளமே ஒன்றரை மீட்டர். அவ்வளவு தடிப்பான பலகையை வைத்தால் அறையில் ஆளுக்கு இடமிராது. எஞ்சும் அந்தத் தாழ்மேடுகளைத் தணிப்பதற்கே மென்பொருள் வேண்டும். ஆகவே முதலில் பலகை, பிறகு அளவீடு, இறுதியில் திருத்தம். வாடகை வீட்டில் ஆணியடிக்க இயலாதவர் பலகைகளைத் தாங்கியில் நிறுத்தி, சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வைக்கலாம். அந்த இடைவெளியே உறிஞ்சலைக் கீழ் அதிர்வெண்களுக்கு நீட்டும்.

1895இல் ஹார்வர்டில் கேட்கவொண்ணாத விரிவுரைக்கூடம் ஒன்றைச் சீராக்கும் பொறுப்பேற்ற வாலஸ் சபைன், இருக்கை மெத்தைகளைச் சுமந்துவந்து போட்டு எதிர்முழக்கத்தை அளந்தார். கட்டட ஒலியியல் அவ்வாறே தொடங்கிற்று. நம் ஆய்வேடுகளின் முறையியல் இயலிலோ ஒலிவாங்கியின் பெயரும் மாதிரியெடுப்பு வீதமும் இடம்பெறுகின்றன; அறைக்குப் பெரும்பாலும் ஒரு வரிகூட இல்லை. அறையின் அளவு, பரப்புகள், எதிர்முழக்க நேரம் ஆகிய மூன்றையும் பதிவுசெய்யுமாறு நெறியாளர்கள் கேட்கத் தொடங்க வேண்டும்.