உட்கார்ந்திருப்பவர்

சென்ற வாரம் ஒரு நாள் இரவு, சாப்பாட்டுக்குப் பிறகு, பழைய அமெரிக்க டெலிவிஷன் நிகழ்ச்சி ஒன்றைப் போட்டுப் பார்த்துக் கொண்டிருந்தேன். 1960-களில் படமெடுத்தது. அடுக்களை வேலையை முடித்துவிட்டு வந்த என் தாயார் நிலைப்படியில் நின்றபடியே, "யாருடா அழுகிறது?" என்று கேட்டாள்.

"யாரும் அழவில்லையம்மா. அது ஒரு வாத்தியம்."

"பாடுகிறவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக் கொண்டு நிற்கிறான். வாத்தியத்துக்கு மட்டும் என்ன துக்கம்?"

வாசகர்களே, இந்தக் கேள்விக்கு எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. யோசித்துப் பார்த்ததில், இந்த வாரப் பகுதிக்கு வேண்டிய விஷயம் அதிலேயே இருப்பதாகப் பட்டது. ஆகவே பதிலை உங்களிடமே சொல்லிவிடுகிறேன்.

நான் பார்த்துக் கொண்டிருந்தது போர்ட்டர் வாகனர் என்ற பாடகரின் நிகழ்ச்சி. 1960-ல் ஆரம்பித்து 1981 வரை, அரை மணி நேர நிகழ்ச்சியாக, அமெரிக்காவின் பல ஊர் டெலிவிஷன் நிலையங்கள் அதை வாங்கி ஒளிபரப்பின. 'கன்ட்ரி மியூஸிக்' என்பார்கள். அந்த நாட்டின் தெற்குப் பக்கத்துக் கிராம ஜனங்களிடமிருந்து வளர்ந்த சங்கீதம் அது. பிரிந்து போன மனைவி, குடித்துக் கெட்ட புருஷன், ஊரில் விட்டு வந்த தாய் - பாட்டுக்களில் பாதிக்கு மேல் இவர்கள்தான். நிகழ்ச்சிக்குப் பணம் கொடுத்தவர்கள் ஒரு மருந்துக் கம்பெனிக்காரர்கள். உருக்கமான பாட்டு ஒன்று முடியும். உடனே பேதி மருந்துக்கு விளம்பரம் வரும்!

வாகனர் போட்டிருக்கும் கோட்டைப் பார்த்தால் கண் கூசும். வண்டிச் சக்கரமும் கள்ளிச் செடியுமாக, ஜிலுஜிலுவென்று கல் வைத்து இழைத்தது. அவருக்குப் பின்னால் பிடில்காரர், பான்ஜோக்காரர், கிதார்க்காரர் என்று வரிசையாக நிற்கிறார்கள். ஒரே ஒருவர் மட்டும் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு முன்னால் நாலு கால் வைத்த குறுகலான மேஜை ஒன்று. குனிந்த தலை நிமிருவதில்லை. பாட்டுக்கு ஒரு தடவை, இரண்டு தடவை காமிரா அவர் கை மீது போய் நிற்கிறது. நாம் சரியாகப் பார்ப்பதற்குள் பாடகரிடம் திரும்பிவிடுகிறது.

அந்த மேஜைதான் ஸ்டீல் கிதார். அம்மாவுக்குக் கேட்ட அழுகை அதிலிருந்து வந்ததுதான்.

சாதாரணக் கிதாரை மார்போடு அணைத்து, இடது கை விரல்களால் தந்திகளை அழுத்தி வாசிப்பார்கள். இதில் விரலுக்குத் தந்தியை அழுத்தும் வேலையே கிடையாது. இடது கையில் உருண்டையான எஃகுக் கட்டை ஒன்றைப் பிடித்து, தந்திகளின் மேல் வழுக்கிக் கொண்டு போக வேண்டும். வலது கை விரல்களில் செயற்கை நகங்களை மாட்டிக் கொண்டு மீட்ட வேண்டும். வீணையின் மெட்டுக்களைப் போல இதிலும் குறுக்குக் கோடுகள் உண்டு; ஆனால் தந்தி அவற்றைத் தொடுவதில்லை. அவை வெறும் அடையாளம். கட்டை ஒரு நூல் அளவு முன்னே பின்னே போனாலும் சுருதி போயிற்று! நம் கோட்டுவாத்தியத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர்களுக்கு இந்தச் சிரமம் நன்றாகப் புரியும்.

இந்த வாத்தியம் பிறந்தது ஹவாய்த் தீவுகளில். ஜோஸப் கெகூகூ என்ற பள்ளிக்கூடத்துப் பையன் 1880-களின் கடைசியில், கிதார்த் தந்தி மீது இரும்பைத் தேய்த்து வாசிக்கக் கண்டுபிடித்தான் என்பார்கள். அது ரயில் தண்டவாள ஆணி என்று ஒரு கதை, சீப்பு என்று ஒரு கதை, பேனாக் கத்தி என்று ஒரு கதை. எதுவாயிருந்தால் என்ன! 1915-ல் ஸான்பிரான்ஸிஸ்கோவில் நடந்த பெரிய பொருட்காட்சிக்குப் பிறகு அமெரிக்கா முழுவதும் ஹவாய்ப் பைத்தியம் பிடித்து ஆட்டியது. 1932-ல் கடைக்கு வந்த மின்சாரக் கிதார் கூட மடியில் கிடத்தி வாசிக்கும் இந்த ஜாதிதான். அதன் உருவத்தைப் பார்த்து 'வாணலி' என்று செல்லப் பெயர் வைத்தார்கள்.

அழுகை வந்தது அதற்குப் பிறகு. வாத்தியத்துக்கு அடியில் கால் மிதிகளைப் பொருத்தினார்கள். மிதியை அழுத்தினால் குறிப்பிட்ட தந்தி இறுகி, சுரம் மேலே ஏறும். முதலில் ஒரு சுருதி அமைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதற்குத்தான் அதைப் பயன்படுத்தி வந்தார்கள். 1953-ன் கடைசியில் வெப் பியர்ஸ் என்ற பாடகர் 'ஸ்லோலி' என்ற பாட்டை ரிக்கார்டு செய்தபோது, பட் ஐஸக்ஸ் என்பவர் வேறு ஒரு காரியம் செய்தார். தந்திகள் ஒலித்துக் கொண்டிருக்கும்போதே மிதியை அழுத்தினார். ஒரு தந்தி அசையாமல் நிற்க, பக்கத்துத் தந்தி அதைப் பிடித்துக் கொண்டு மேலே ஏறிற்று. விம்மி வரும் ஒருவர் தொண்டையை அடக்கிக் கொண்டால் எப்படியிருக்கும், அப்படி!

அடுத்த வருஷம் அந்த ரிக்கார்டு கன்ட்ரி பாட்டுக்களின் பட்டியலில் 17 வாரம் முதலிடத்தில் இருந்தது. நாட்டிலுள்ள ஸ்டீல் கிதார்க்காரர்களெல்லாம் தங்கள் வாத்தியத்தைக் கவிழ்த்துப் போட்டு மிதி பொருத்தும் வழி தேட ஆரம்பித்தார்கள். ஐஸக்ஸ் பிறகு மிஸௌரி மாகாணத்து ஸ்பிரிங்பீல்டிலிருந்து ஒளிபரப்பான 'ஓஸார்க் ஜூபிலி' டெலிவிஷன் நிகழ்ச்சியின் வாத்திய கோஷ்டியில் வாசித்தார். அங்கேயும் காமிரா காட்டியது பெரும்பாலும் கையைத்தான். ரகசியமோ காலில் இருந்தது!

பிற்பாடு முழங்கால்களால் தள்ளும் நெம்புகோல்களும் வந்தன. இடது கால் மிதிகளில். வலது கால் சப்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிதியில். இரண்டு முழங்கால்களும் நெம்புகோல்களில். இரண்டு கைகளும் மேலே. தையல் மிஷின்காரர் கூட இவரிடம் தோற்றார். இவ்வளவையும் செய்து கொண்டு முகத்தில் சலனமில்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அதனால்தான் தலை நிமிருவதில்லை போலிருக்கிறது.

ஆனால் நான் வியப்பது கை கால் வித்தையை அல்ல. டெலிவிஷன் கோஷ்டியில் அவருக்குக் கிடைத்த இடம் எவ்வளவு என்று கவனியுங்கள். பாட்டின் தொடக்கத்தில் சில விநாடி. நடுவில், கிடைத்தால், பாதிச் சரணம். மற்றபடி பாடகர் ஒரு வரி பாடி மூச்சு வாங்குகிற இடைவெளிதான் அவருடைய ராஜ்யம். அடுத்த வார்த்தை வருவதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லி ஒதுங்கிவிட வேண்டும். ஒரு சுரம் நீண்டுவிட்டால் பாடகரின் வார்த்தையை மிதித்ததாகும். "நீ என்னை விட்டுப் போய்விட்டாய்" என்று சிரித்த முகத்தோடு பாடகர் பாடலாம். அவர் ஊர் ஊராய்ப் போய்ப் பாடுகிறவர், விளம்பரத்துக்கும் முகம் காட்ட வேண்டியவர். போனதன் துக்கத்தை அந்த இடைவெளியில் கொண்டு வந்து வைக்க வேண்டியவர் உட்கார்ந்திருப்பவர்தான். அம்மாவின் கேள்விக்கு இதுதான் பதில்.

இதிலே இன்னொரு வேடிக்கை. நாஷ்வில் நகரத்து ரிக்கார்டுகளில் பெரும்பாலும் வாசித்தவர்கள் ஸ்டூடியோவுக்கென்றே இருந்த வித்வான்கள். பீட் டிரேக், லாயிட் கிரீன் போன்றவர்கள். பாடகரோடு பஸ்ஸில் ஊர் சுற்றி, டெலிவிஷனில் வாசித்தவர்கள் வேறு. ஆகவே வாரா வாரம் விருந்தாளியாக வரும் பாடகரின் பிரபல ரிக்கார்டில் வேறொருவர் வாசித்த பிடியை, டெலிவிஷன் கோஷ்டிக்காரர் அப்படியே வாசித்துக் காட்ட வேண்டும். ரிக்கார்டில் கேட்டவருக்கு முகம் கிடையாது. டெலிவிஷனில் தெரிந்தவருக்குப் பெயர் கிடையாது! பக் ஓவன்ஸ் மட்டும் தம்முடைய கோஷ்டியைக் கொண்டே ரிக்கார்டும் செய்தார். 1964-ல் அவருடைய 'டுகெதர் அகெய்ன்' பாட்டில் டாம் பிரம்லி வாசித்த பகுதியை இன்றைக்கும் ஸ்டீல் கிதார் பயிலுகிறவர்கள் பாடமாக வைத்துக் கொள்கிறார்கள். இத்தனைக்கும் அது அரை நிமிஷத்துக்கு மேல் இராது.

அந்த வருஷங்களில் இந்த வாத்தியத்துக்கு ஒரு கண்டமும் இருந்தது. 1950-களின் பிற்பகுதியில், நகரத்து ஜனங்களும் ரிக்கார்டு வாங்க வேண்டுமென்பதற்காக, நாஷ்வில் கம்பெனிக்காரர்கள் ஸ்டீல் கிதாரையும் பிடிலையும் பல ரிக்கார்டுகளிலிருந்து ஒதுக்கிவிட்டுக் கோரஸையும் வயலின் கூட்டத்தையும் கொண்டு வந்து நிரப்பினார்கள். 'பட்டிக்காட்டு வாசனை' போக வேண்டுமாம்! டெலிவிஷன் நிகழ்ச்சிகளுக்கோ வயலின் கூட்டம் வைத்துக் கொள்ளக் கட்டுப்படி ஆகாது. பாடகரின் பஸ்ஸில் எத்தனை பேர் ஏற முடியுமோ அத்தனை பேர்தான் கோஷ்டி. அந்தப் பஸ்ஸில் ஸ்டீல் கிதாருக்கு இடம் இருந்தது. வாரந்தோறும் கூடத்தில் உட்கார்ந்து பார்த்த குடும்பங்களுக்குக் கன்ட்ரி சங்கீதமென்றால் இந்த அழுகைதான் என்று பதிந்து போனதில், சிக்கனத்துக்கும் பங்கு உண்டென்று நான் நினைக்கிறேன்.

பெண்கள் யாரும் வாசிக்கவில்லையா என்று கேட்பீர்கள். 1950-களில் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் 'டவுன் ஹால் பார்ட்டி' என்ற டெலிவிஷன் நிகழ்ச்சியில், ஆண்கள் நிறைந்த கோஷ்டியில் மரியன் ஹால் என்ற பெண்மணி ஸ்டீல் கிதார் வாசித்தார். பழைய படச் சுருளில் பாருங்கள். அலட்டிக் கொள்ளாமல் வாசிக்கிறார். பார்பரா மாண்ட்ரெல் என்ற சிறுமி 1960-ல், 11 வயதில், இதே வாத்தியத்தோடு லாஸ் வேகாஸில் மேடை ஏறினாள். அவளுக்குக் கற்றுக் கொடுத்த நார்மன் ஹாம்லெட், பிற்காலத்தில் மெர்ல் ஹாகர்டின் கோஷ்டியில் நெடுநாள் உட்கார்ந்து வாசித்தவர். மாணவி பெரிய பாடகியானாள். 1980-ல் சகோதரிகளோடு சொந்த டெலிவிஷன் நிகழ்ச்சியே நடத்தியபோது, ஸ்டீல் கிதாரைப் பின்வரிசையிலிருந்து மேடையின் முன்னால் கொண்டு வந்து போட்டுக் கொண்டு வாசித்தாள். ஆசிரியருக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. அவர் அதற்கு ஆசைப்பட்டாரா என்பது வேறு விஷயம்.

கலிபோர்னியா டெலிவிஷனில் ஸ்பீடி வெஸ்ட் என்றொருவர் இருந்தார். 'ஹோம்டவுன் ஜாம்போரி' நிகழ்ச்சிக்காரர். இவர் மட்டும் ஒதுங்கி வாசிக்கிற ரகமல்ல. எஃகுக் கட்டையைத் தந்தி மேல் மோதுவார், உருட்டுவார், இடி இடிக்கச் செய்வார். கிதார்க்காரர் ஜிம்மி பிரையன்ட்டோடு சேர்ந்து விட்டால், எக்ஸ்பிரஸ் ரயிலைத் துரத்துகிற வேகம்! 1960-ல் லொரெட்டா லின் தம் முதல் ரிக்கார்டைச் செய்தபோது பக்கத்தில் வாசித்துக் கொடுத்தவரும் இவரே. 1981-ல் அவருக்குப் பக்கவாதம் வந்தது. அதற்குப் பிறகு 22 வருஷம் உயிரோடிருந்தார். வாசிக்க முடியவில்லை.

இனி, அன்றிரவு நான் பார்த்த நிகழ்ச்சியில் உட்கார்ந்திருந்தவருக்கு வருகிறேன். அவர் பெயர் டான் வார்டன். வாகனரைப் போலவே மிஸௌரிக்காரர். 1950-களின் தொடக்கத்தில், இருவருக்கும் பெயர் கிடைக்காத நாளிலேயே சேர்ந்து கொண்டவர். ஸ்டீல் கிதார் வாசிப்பது போக, கோஷ்டியின் வரவு செலவு, கச்சேரித் தேதி எல்லாம் அவர் தலையில்தான். 1967-ல் டாலி பார்ட்டன் என்ற இளம் பெண் அந்த நிகழ்ச்சியில் பாட வந்தாள். 7 வருஷங்களுக்குப் பிறகு, தனியே போக விரும்பினாள். வாகனருக்கு மனமில்லை. அவரிடம் விடைபெறத்தான் 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' என்ற பாட்டை அவள் எழுதினாள். விட்னி ஹூஸ்டன் 1992-ல் பாடி உலகமெல்லாம் கேட்டதே, அதே பாட்டு. பின்னர் வாகனர் வழக்கே போட்டார்.

வார்டன் என்ன செய்தார்? இருபது வருஷத்துக்கு மேல் ஒருவருக்குப் பின்னால் உட்கார்ந்தவர், 1974-ல் வாத்தியத்தை மூடி வைத்துவிட்டு டாலியின் நிர்வாகியாகப் போனார். 2017-ல் இறக்கும் வரை அவளோடுதான் இருந்தார். டாலி அவரை அழைத்த பெயர் 'மிஸ்டர் எவ்ரிதிங்' - சகலமும் அவர்தான் என்று அர்த்தம். பாடுகிறவர் எங்கே மூச்சு வாங்குவார், அப்போது என்ன வேண்டும் என்று கவனித்தே பழகிய மனுஷர். அந்த வேலைக்கு அவரைவிடத் தகுந்தவர் கிடைத்திருப்பாரா என்பது சந்தேகமே.

இதையெல்லாம் அம்மாவுக்குச் சொல்லி முடிப்பதற்குள் நிகழ்ச்சியின் கடைசிப் பாட்டு வந்துவிட்டது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அந்த உட்கார்ந்திருக்கிறவர் கையை இன்னொரு தரம் காட்டுவானா, பார்" என்றாள்.

காட்டவில்லை. வாகனர் சிரித்துக் கொண்டே விடைபெற்றார். மருந்து விளம்பரம் வந்துவிட்டது.