நேர்முகத் தேர்வும் உடையும்

கடலூர் மாவட்டத்தில் நெல்லிக்குப்பத்திற்கும் பண்ணுருட்டிக்கும் இடையே அமைந்த பேரூர் மேல்பட்டாம்பாக்கம். விழுப்புரத்திலிருந்து கடலூர், சிதம்பரம், கும்பகோணம் முதலிய ஊர்களுக்குச் செல்லும் இருப்புப்பாதை அவ்வூரின் வழியாகவே செல்கின்றது. நெல்லும் கரும்பும் விளையும் அப்பகுதியிலிருந்து வேலை நாடிப் புறப்படும் இளைஞர் பலர். நெல்லிக்குப்பத்துச் சர்க்கரை ஆலைக்கும், நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்திற்கும், கடலூரிலுள்ள தொழிற்சாலைகளுக்கும், சென்னையிலுள்ள அலுவலகங்களுக்கும் அவர்கள் விண்ணப்பம் விடுக்கின்றனர்.

அவர்களுள் ஒருவனுக்கு நேர்முகத் தேர்வுக்கு வருமாறு அழைப்பு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் முதலில் எழும் வினா, ‘என்ன கேட்பார்களோ?’ என்பதன்று, ‘எதை உடுத்துக்கொண்டு போவது?’ என்பதே. தாய் பெட்டியைத் திறந்து, பொங்கலுக்கு எடுத்த சட்டையை உதறிப் பார்க்கின்றாள். தந்தை, வேட்டியே போதும் என்கின்றார். மாமன் மகனோ, காற்சட்டையும் மூடிய காலணியும் இல்லாமல் போனால் வாயிற்காவலனே திருப்பி அனுப்பிவிடுவான் என்று அச்சுறுத்துகின்றான். முடிவில் ஒருவரிடம் காற்சட்டையும் மற்றொருவரிடம் காலணியும் இரவலாக வருகின்றன. இடுப்பில் நில்லாத காற்சட்டையைத் தோல்வாரினால் இறுக்கிக்கொண்டு, காலைக் கடிக்கும் காலணியோடு அவ்விளைஞன் புறப்படுகின்றான். பெண்பிள்ளையாயின் சேலையா, சுடிதாரா என்னும் வழக்கும், அக்காளின் பட்டுச் சேலை தகுமா என்னும் ஆராய்ச்சியும் நள்ளிரவு வரையில் நடைபெறும்.

இதனைக் கண்டு நகைப்பார் உளர். நகைத்தற்கு உரியதன்று. அவ்வேலையை நம்பி ஒரு குடும்பமே காத்திருக்கின்றது. ‘ஆள் பாதி ஆடை பாதி’ என்னும் பழமொழியைச் சிறு வயது முதல் கேட்டு வளர்ந்த பிள்ளை, தன்பால் உள்ள பாதி போதாதோ என்று அஞ்சுவது இயல்பேயாம். ஆனால் அப்பழமொழி உடுப்பவனுக்குச் சொல்லப்பட்டதா, பார்ப்பவனுக்குச் சொல்லப்பட்டதா என்பதை எவரும் ஆராய்வதில்லை. உடுப்பவன் செய்யத்தக்கது சிறிது. பார்ப்பவன் செய்யத்தக்கதே பெரிது. இதற்குச் சான்றாகக் கணித மேதை இராமானுசரின் வரலாற்றில் ஒரு பகுதியைக் காணலாம்.

1887ஆம் ஆண்டு ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர் இராமானுசர். கணிதம் ஒன்றிலேயே மனம் செலுத்தியமையால் மற்றைப் பாடங்களில் தேறாது, கல்லூரிப் படிப்பைப் பட்டமின்றி விட்டார். 1909ஆம் ஆண்டு அவருக்குத் திருமணம் நடந்தது. வயிற்றுப்பாட்டிற்கு ஒரு வேலை வேண்டியதாயிற்று. 1910ஆம் ஆண்டில் அவர் திருக்கோவலூருக்குச் சென்றார். அவ்வூர் அந்நாளில் தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. 1907இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்த இராமசாமி ஐயர் அங்கே துணை ஆட்சியராக இருந்தார். அவரிடம் ஓர் எழுத்தர் வேலை கேட்கவே இராமானுசர் சென்றார். கையில் கொண்டு சென்றது பட்டமும் நற்சான்றும் அல்ல. தம் கணிதக் குறிப்பேடுகளையே.

இராமசாமி ஐயர் அவ்வேடுகளைப் புரட்டிப் பார்த்தார். பார்த்தபின் வேலை தர மறுத்துவிட்டார்! இத்தகைய அறிவை வருவாய்த் துறையின் கடைநிலைப் பணி ஒன்றில் இட்டு மழுங்கச் செய்யலாகாது என்று அவர் எண்ணினார். வேலை கேட்டு வந்தவனின் தகுதி, கேட்ட வேலையைவிடப் பெரிது எனக் கண்டு மறுத்த அதிகாரிகள் உலகில் மிகச் சிலரே இருப்பர். அவர் வெறுங்கையோடு அனுப்பவில்லை. சென்னையிலுள்ள கணித அறிஞர்களிடம் இராமானுசரை ஆற்றுப்படுத்தினார். அவ்வழியாக, நெல்லூரில் ஆட்சியராக இருந்த இராமச்சந்திர ராவ் என்பாரை இராமானுசர் அடைந்தார்.

இராமச்சந்திர ராவ் தாம் முதன்முதல் கண்ட காட்சியைப் பிற்காலத்தில் எழுதிவைத்துள்ளார். குள்ளமும் பருமனுமான உருவம், மழிக்கப்படாத முகம், தூய்மை போதாத தோற்றம், கக்கத்தில் நைந்த குறிப்பேடு ஒன்று, இத்தனைக்கும் இடையே சுடர்விடும் இரு கண்கள். அவ்வறிஞர் தம் முன் வந்தவரின் வறுமையையும் மறைக்காமல் குறித்துள்ளார். கண்களின் ஒளியையும் மறவாமல் குறித்துள்ளார். முதற் சந்திப்பிலேயே அவருக்கு எல்லாம் விளங்கிவிடவில்லை. பல முறை வரச்சொல்லி, காட்டியவற்றைப் பொறுமையாகக் கேட்ட பின்னரே வந்தவர் எத்தகையவர் என்று தெளிந்தார். தெளிந்தபின், திங்கள்தோறும் இருபத்தைந்து உரூபாய் தம் பொருளிலிருந்தே அளிக்கலானார். முதல் நாளில் அழுக்குச் சட்டையை மட்டும் நோக்கிக் கதவை அடைத்திருந்தால், அவ்வேடுகளின் கதி என்னவாகியிருக்கும்?

பிறர் பொருளில் நெடுநாள் வாழ இராமானுசர் விரும்பவில்லை. 1912 பிப்ரவரி 9ஆம் நாள் சென்னைத் துறைமுகக் கழகத்திற்கு விண்ணப்பம் எழுதினார். மார்ச்சு 1ஆம் நாள் முப்பது உரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக அமர்ந்தார். இரண்டாண்டுகளுக்குப் பின், 1914 மார்ச்சு 17ஆம் நாள், அவர் இங்கிலாந்திற்குக் கப்பலேறினார். அதற்குமுன் அவருடைய குடுமி நீக்கப்பட்டது. மேனாட்டு உடை உடுத்தப் பழக்கினார்கள். கேம்பிரிட்சில் காலணி அவர் கால்களை வருத்தியது. அறையில் செருப்பே அணிந்தார். அந்நாட்டின் குளிருக்கு அவ்வுடை வேண்டியதாகலாம். கணிதத்திற்கு வேண்டியதாயில்லை. நைந்த ஏட்டில் இருந்தவையே அங்கும் அவருக்குத் துணையாயின. 1918ஆம் ஆண்டில் அரச கழகத்தின் உறுப்பினராக அவரைத் தேர்ந்தெடுத்ததும் அவற்றின் தொடர்ச்சியாலேயே.

இதிலிருந்து, அழுக்கோடு செல்வதே அறிவுக்கு அடையாளம் என்று எவனும் முடிவு கட்டிவிடலாகாது. எல்லாரும் இராமானுசர் அல்லர். தேர்வு செய்யும் இருக்கையில் இராமச்சந்திர ராவ் எந்நாளும் அமர்ந்திருப்பார் என்பதும் இல்லை. அவருக்குப் பல நாள் பொறுமை இருந்தது. இக்காலத்துத் தேர்வாளருக்குச் சில நிமிடங்களே உண்டு. வாயிலில் நூறு பேர் காத்திருக்கும்பொழுது, கண் முதலில் கண்டதையே மனம் பற்றிக்கொள்கின்றது.

இக்குறையை அமெரிக்க உளநூல் அறிஞர் தார்ண்டைக் 1920ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் எடுத்துக்காட்டினார். படைத்தலைவர்கள் தம் கீழுள்ளோரின் உடற்கட்டு, அறிவு, தலைமைப் பண்பு, ஒழுக்கம் ஆகியவற்றைத் தனித்தனியே மதிப்பிட்டிருந்தனர். தனித்தனியே மதிப்பிட்டதாக அவர்கள் எண்ணினரேயன்றி, உண்மை அதுவன்று. ஒன்றில் உயர்ந்தவன் என்று கருதப்பட்டவன் மற்றவற்றிலும் உயர்ந்தவனாகவே எழுதப்பட்டிருந்தான். நல்ல தோற்றம் கண்டவிடத்து நல்லறிவும் உண்டு என மனம் தானே எழுதிக்கொள்கின்றது. மடிப்புக் கலையாத சட்டையைக் கண்டவுடன், ‘இவன் கணக்கிலும் பிழை செய்யான்’ என்று நினைப்பதும் இவ்வகையதே. மடிப்புக்கும் கணக்கிற்கும் என்ன உறவோ!

கண் செய்யும் இத்தவற்றைத் தவிர்க்க, கண்ணையே மறைத்தவர்களும் உண்டு. 1970ஆம் ஆண்டுகள் தொட்டு அமெரிக்க நாட்டு இசைக்குழுக்கள் பல, புதிய கலைஞரைத் தேர்ந்தெடுக்கும்பொழுது வாசிப்பவருக்கும் கேட்பவருக்கும் நடுவே திரையொன்றைத் தொங்கவிடலாயின. வாசிப்பவர் ஆணா பெண்ணா, எந்த நிறத்தவர், என்ன உடுத்தவர் என்று எதுவும் தெரியாது. இசை மட்டும் கேட்கும். காலணியின் ஒலிகொண்டு பெண் எனக் கண்டுவிடுவார்களோ என்று சில இடங்களில் தரையில் கம்பளமும் விரித்தனர்.

இந்திய நாட்டிலும் இத்தகைய எண்ணம் தோன்றாமலில்லை. நடுவணரசின் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்முகத் தேர்வே 2016 சனவரி 1ஆம் நாள் முதல் நீக்கப்பட்டது. எழுத்துத் தேர்வில் பெறும் மதிப்பெண்ணே வேலையை முடிவு செய்யும் என்றாயிற்று. பரிந்துரையும் கையூட்டும் நுழையும் வழி அடைபட வேண்டும் என்பதே அதன் நோக்கம். எனினும் உடையைப் பற்றி இரவெல்லாம் கலங்கும் ஏழைப் பிள்ளைக்கும் அதனால் ஒரு கவலை ஒழிந்தது.

உடையால் வாயில் அடைபடுவது ஏழைக்கு மட்டும் நேர்வதன்று. 2014 சூலைத் திங்களில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் நூல் வெளியீட்டு விழா ஒன்றிற்காகச் சென்னையிலுள்ள ஒரு மன்றத்திற்கு வேட்டி உடுத்துச் சென்றார். மன்றத்தின் விதியைக் காட்டி அவரை உள்ளே விட மறுத்தனர். தமிழ்நாட்டின் தலைநகரில் தமிழன் வேட்டியோடு நுழைய இயலாத இடமும் உண்டு என்பது அன்று பலருக்குப் புதுமையாயிருந்தது. மறு திங்களே, வேட்டியும் பிற இந்திய மரபுடைகளும் உடுத்தவரைப் பொது இடங்களில் தடுத்தலாகாது என்று சட்டமன்றம் சட்டம் இயற்றியது. தடுக்கும் மன்றத்தின் உரிமம் நீக்கப்படும் என்பதும் அதில் உண்டு. 2019ஆம் ஆண்டில், தலைமைச் செயலக ஊழியரின் உடையைப் பற்றிப் பிறந்த அரசாணையும், ஆடவர்க்குக் காற்சட்டையோடு வேட்டியையும், மகளிர்க்குச் சேலையோடு சுடிதாரையும் ஏற்றுக்கொண்டது. ஆதலின் வேட்டி உடுத்தவன் எழுத்தர் வேலைக்குத் தகுதியற்றவன் என்று தேர்வாளர் ஒருவர் கருதுவாராயின், அவர் தம் கருத்தையே முதலில் தேர்வுக்கு உட்படுத்தல் வேண்டும்.

இனி, செய்யப்போகும் வேலை கேட்கும் உடை என்று ஒன்று உண்டு. அதனை மறுப்பதற்கில்லை. சுழலும் பொறிகளுக்கு நடுவே வேலை செய்வோன் வேட்டியும் தோளில் துண்டும் அணிந்து நிற்பது பெருமையன்று, உயிருக்கு ஊறு. ஆலையில், வந்தவனைப் பொறியருகே அழைத்துச் சென்று வேலை செய்து காட்டச் சொல்வதும் உண்டு. அங்கே உடலோடு பொருந்திய சட்டையும் காற்சட்டையும் மூடிய காலணியுமே தக்கவை. பள்ளியில் ஆசிரியர் பணி நாடுவோர்க்கு வேட்டியோ சேலையோ குறைவாகாது. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் வேலையில் உள்ளது. மேனாடு, கீழ்நாடு என்பதில் இல்லை. கடலூர்ப் பக்கத்துச் சித்திரை வெயிலில் கழுத்துப்பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு வியர்வையில் நனையும் இளைஞனைக் காண்போர்க்கு இரக்கமே தோன்றும்.

மேல்பட்டாம்பாக்கத்து இளைஞனுக்குத் தேவையானவை சிலவே. தன் உடலுக்குத் தைத்த பருத்திச் சட்டை ஒன்று. வெண்மையோ மங்கிய நிறமோ இருப்பின் நன்று. அது பழையதாயினும் துவைத்துத் தேய்த்ததாக இருக்கவேண்டும். பொத்தான் அறுந்திருந்தால் முதல் நாளே தைத்துக்கொள்ளலாம்; அதற்கு ஊசியும் நூலும் போதும், கடன் வேண்டியதில்லை. புதுக் காலணி வாங்க நேர்ந்தால் நான்கு நாள் முன்னரே ஊருக்குள் அணிந்து நடந்து பழகுதல் நலம். இல்லையேல் வினா கேட்கும்பொழுது கருத்தெல்லாம் குதிகாலில் இருக்கும். பெண்பிள்ளை பட்டுச் சேலையைப் பெட்டியிலேயே விட்டுவிட்டுத் தினமும் உடுத்திப் பழகிய பருத்திச் சேலையோ சுடிதாரோ உடுத்துச் செல்லலாம். கையை அசைத்தால் முந்தானை நழுவுமோ என்று அஞ்சும் உடையில் எவருக்கும் நன்றாகப் பேச வாராது. இரவல் உடைக்கும் இதுவே குறை. தனதல்லாத ஒன்றைக் கறைபடாமல் காக்கும் கவலையும், விடை சொல்லும் வேலையும் ஒரே நேரத்தில் ஒருவனுக்கு இயலுமா?

இன்னும் ஒன்று உண்டு. காலை வண்டியில் நெருக்குண்டு செல்பவனின் சட்டை கடலூரை அடையுமுன்னே கசங்கிவிடும். வழக்கமாகச் சென்று வருவோர் இதனை அறிவர். அவர்கள் நல்ல சட்டையை மடித்து ஒரு துணிப்பைக்குள் வைத்துக்கொண்டு, பழைய சட்டையோடு வண்டியேறுவர். திருப்பாதிரிப்புலியூர் நிலையத்தில் இறங்கி, குழாயில் முகம் கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டு, பழையதைப் பைக்குள் திணித்துக்கொண்டு நடப்பர். தேர்வு நடக்கும் அறைக்குள் சான்றிதழ்க் கட்டோடு அவர்கள் நுழையும்பொழுது, அப்பை மட்டும் வாயிலில் வாயிற்காவலனின் நாற்காலிக்கு அருகே காத்துக்கொண்டிருக்கும்.